ஆழமில்லாக் கடல் வளர்த்த ஊர்

துறைமுகம் என்றதும் ஆழமான கடலும், கரையை ஒட்டி வந்து நிற்கும் பெரிய கப்பல்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழகத்தின் புகழ்பெற்ற துறைமுக நகரமாகிய தூத்துக்குடியில், 1974ஆம் ஆண்டு புதிய துறைமுகம் வரும் வரையில், பெரிய கப்பல் எதுவும் கரையைத் தொட்டதில்லை. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. அவ்வளவு தூரத்துக்குக் கடலில் ஆழம் இல்லை என்பதே காரணம்.

இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவாகத் தூத்துக்குடிக்குச் சென்ற நாங்கள், பழைய துறைமுகத்தின் கரையில் நின்று இச்செய்தியைக் கேட்டபோது வியப்படைந்தோம். எங்களுள் ஒருத்தி, "அப்படியானால் சிஸ்டர், வேறு நல்ல இடமே கிடைக்காமலா இங்கே துறைமுகம் வைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டாள். கேள்வி நியாயமானதே. அன்று மாலை வரை நாங்கள் பார்த்தவை எல்லாம் அந்தக் கேள்விக்கு விடையாகவே அமைந்தன. ஆழமில்லாமை இவ்வூருக்குக் குறையன்று. முத்தும், அமைதியான நங்கூரத் துறையும், உப்பும் அதனால்தான் கிடைத்தன.

பழங்காலத்தில் பாண்டிய நாட்டின் துறைமுகம் கொற்கை என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கின்றோம். தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அது இருந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை விலக்கிக்கொண்டே போயிற்று. இன்று கொற்கை கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. கொற்கைக்குப் பின் காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவ்வூரின் வாணிபச் சிறப்பை எழுதி வைத்தார். அதையும் மணல் மூடியது. பிறகு புன்னைக்காயல் வந்தது. இப்படி ஆற்றை நம்பிய துறைகளை ஆறே ஒவ்வொன்றாக மூடிவிட்டது. தூத்துக்குடியிலோ பெரிய ஆறு எதுவும் கடலில் கலப்பதில்லை. தாமிரபரணியின் முகத்துவாரம் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே இங்கே கடல் ஆழம் குறைந்ததாயினும் இருந்தபடியே இருந்தது.

இனி முத்தைப் பற்றிச் சொல்வோம். முத்துச்சிப்பி எங்கும் வாழ்வதன்று. வெளிச்சம் எட்டும் ஆழமும், ஒட்டிக்கொள்ளப் பாறையும் அதற்கு வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடலுக்கடியில் பரந்து கிடக்கும் இத்தகைய பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். மனிதன் ஒரே மூச்சில் தொட்டுவிட்டுத் திரும்பக்கூடிய ஆழத்தில் அவை இருந்ததனால்தான் முத்துக் குளித்தல் என்னும் தொழிலே பிறந்தது. கடல் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் சிப்பியை எடுத்து வர எவராலும் இயன்றிராது.

முத்துக் குளிப்பவர் காலைக் கனமான கல்லில் வைத்து, கயிற்றைப் பற்றிக்கொண்டு மூக்கை அடைத்துக் கீழே இறங்குவார். கல்லின் பாரத்தால் சில நொடிகளில் தரை தட்டும். உடனே கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கழுத்திலோ இடுப்பிலோ கட்டிய வலைப்பையில் எட்டிய மட்டும் சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு, கயிற்றை அசைத்துச் சைகை காட்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள், மிஞ்சினால் இன்னும் சில நொடிகளுக்குள், முடிந்தாக வேண்டும். கயிறு பிடிப்பவர் ஒரு கணம் அசட்டையாக இருந்தால் குளிப்பவரின் உயிர் போய்விடும். ஆதலால் தங்கையின் வாழ்வைக் காக்க வேண்டிய பொறுப்புள்ள மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று ஊரில் சொல்கின்றனர். 'மச்சான்' உறவுக்கு இத்தனை மதிப்பு வேறெங்கும் இருக்குமோ, தெரியவில்லை!

சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் 'கடல் கட்டி' என்பவர் படகுகளோடு செல்லுவதும் வழக்கம். அவர் இல்லாமல் குளிப்பவர்கள் நீரில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொண்டது. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அதிகாரிகள்தாம். என்றாலும் அச்சத்தின் முன் வேறு வழி இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி அரசாங்கத்துக்கு. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி முத்தைத் தேடுவார்கள். எத்தனையோ சிப்பிகளைத் திறந்தாலும் ஒன்றில்தான் நல்ல முத்து இருக்கும். அரசிகளின் கழுத்தில் ஒளிர்ந்த முத்து, துர்நாற்றம் தாங்க முடியாத கொட்டகைகளிலிருந்து புறப்பட்டது என்பதை நகைக்கடைகளில் யாரும் நினைப்பதில்லை. இன்னொரு செய்தி எங்கள் மனத்தை உறுத்தியது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று, கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்று குறிப்பிடுகிறது.

பார்களில் சிப்பி எல்லா ஆண்டும் விளைவதில்லை. சில ஆண்டுகள் குவியும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் இராது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டு. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். ஆயினும் பழைய முத்துக் குளிப்பு திரும்பவில்லை. சென்னைக்குச் செல்லும் ரயிலுக்கு 'முத்துநகர் விரைவு வண்டி' என்று பெயர். முத்து அந்தப் பெயரில்தான் மிஞ்சியிருக்கிறது. சங்கு குளிப்போர் மட்டும் இன்றும் உள்ளனர். அவர்கள் எடுக்கும் சங்குகள் வங்காளத்துக்குப் போய், அங்கே மணமான பெண்கள் அணியும் வளையல்களாகின்றன.

இந்த முத்தை நாடியே போர்த்துக்கீசியரும் வந்தனர். முத்துக் குளிப்பு உரிமை பற்றிய சச்சரவுகளில் நலிவுற்றிருந்த பரதவ மக்கள் அவர்களுடைய பாதுகாப்பை நாடினர். 1535ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குள் இக்கரையின் பரதவர் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். வேத போதகத்தின் வரலாறும் முத்தின் வரலாறும் இங்கே இப்படிப் பின்னிக் கிடப்பதை மறைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. பாதுகாப்புக்காகப் பெற்ற திருமுழுக்கை விசுவாசமாக வளர்த்தவர், 1542இல் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார். அவர் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி, மணியை அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் முதலில் மாணவராகி, பின்பு ஆசிரியரானார்!

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இன்னும் ஆழமாகக் கற்றார். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று அது. அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே. படிப்பறிவு அரிதாக இருந்த காலத்தில், கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசைப் புத்தகத்துக்குக் கொடுத்திருக்கின்றார்கள்.

நாம் நாள்தோறும் புழங்கும் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஏலம் ஆகிய சொற்களெல்லாம் போர்த்துக்கீசியரோடு நம் கரைக்கு வந்து இறங்கியவையே. பனிமய மாதா ஆலயத்துக்குச் சென்றபோது இன்னொரு சொல்லின் பொருளை அறிந்தோம். ஊர் மக்கள் மாதாவைத் 'தஸ்நேவிஸ் மாதா' என்கின்றனர். பனியின் மாதா என்பதற்கான போர்த்துக்கீசியச் சொல்லே அது. உரோமையில் ஆகஸ்டு மாதத்துக் கோடையில் பனி பெய்த புதுமையை நினைவுகூரும் பெயர். வெய்யில் கொளுத்தும் தூத்துக்குடியில் பனிமய மாதா! ஆனாலும் இப்பெயரைவிட ஊருக்குப் பொருத்தமான குளிர்ச்சி வேறென்ன வேண்டும்? இப்போதுள்ள ஆலயம் 1713இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் சூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் திருவிழா நிறைவுறும். அந்நாட்களில் எல்லாச் சமயத்தாரும் திரள்வர் என்று ஆலயத்தில் எங்களை வரவேற்ற அன்பர் கூறினார்.

1658இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். 1825இல் அது நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. டச்சுக்காரர் கட்டிய ஆலயம் ஒன்று கடற்கரைச் சாலையில் இருக்கிறது. நேரமின்மையால் வெளியிலிருந்தே பார்த்தோம்.

இனி ஆழமில்லாக் கடலின் இரண்டாவது கொடை. கிழக்கே இலங்கைத் தீவு பெரும் மதிலாக நிற்கிறது. அதற்கும் இப்பால் முயல் தீவு, வான் தீவு, காசுவார் தீவு, காரியச்சல்லித் தீவு எனச் சிறு தீவுகள் காவல் நிற்கின்றன. வங்கக் கடலில் புயல் எழுந்தாலும் அதன் பேரலை இங்கே அவ்வளவாக வந்து மோதுவதில்லை. சென்னைக் கடற்கரையில் அலை சீறுவதைப் பார்த்தவர்கள் தூத்துக்குடிக் கடலைப் பார்த்தால், இது ஏரியோ என்று ஐயுறுவர். ஆகவே கப்பல்கள் தொலைவில் நின்றாலும் அச்சமின்றி நிற்க முடிந்தது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள ஐந்து மைலைக் கடக்க ஊரார் கண்ட வழியே தோணி.

தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் சிறு ஓடம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே கட்டப்படும் தோணி, இருநூறு முந்நூறு டன் சரக்கை ஏற்றும் மரக்கப்பல். அடிப்பாகம் அகன்றும் தட்டையாகவும் இருப்பதால் குறைந்த நீரிலும் மிதக்கும். பருத்தி மூட்டைகள், வெங்காயம், கருவாடு, ஓடு, மாடு என்று எல்லாம் தோணியேறித்தான் கப்பலுக்கோ கொழும்புக்கோ போயின. பாய் விரித்த தோணிகள் இப்போது இயந்திரம் பூட்டிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டு செல்கின்றன.

தோணித்துறையில் எங்களைக் கண்ட முதிய தச்சர் ஒருவர், "வாங்க மக்கா, உள்ளே ஏறிப் பாருங்க, பயப்படாதீங்க சிஸ்டர், பலகை தாங்கும்" என்று அழைத்தார். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகி நீர் கசியாதபடி அடைப்பதைக் காட்டினார். வரைபடம் எங்கே என்று கேட்டோம். அவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். தந்தையிடம் கற்றதாம். தம் பிள்ளைகள் யாரும் இவ்வேலைக்கு வரவில்லை என்பதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். அவர் நெற்றியில் இருக்கும் படத்தை யார் பெற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று எங்களால் கேட்க முடியவில்லை.

1876இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போவதே அக்காலத்து வழி. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின்னரே தனுஷ்கோடி அந்த இடத்தைப் பிடித்தது. கொழும்புப் போக்குவரத்தின் லாபம் முழுவதும் ஆங்கிலக் கம்பெனிக்கே போவதைக் கண்டு பொறாத வ.உ. சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் காசில்லாமலே ஏற்றிச் செல்ல முன்வந்தது. கூடவே குடையும் கொடுத்தது என்பர். 1908இல் இவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் தலைமை தாங்கினார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. சில நாட்களில் அவர் சிறைப்பட்டார். அங்கே செக்கிழுத்தார். 1912இன் இறுதியில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனி கலைந்து, கப்பல்களும் விற்கப்பட்டிருந்தன. சொந்தத்தில் ஒரு தோணிகூட அவருக்கு இல்லை. இன்று இந்தியாவின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது கொடை உப்பு. நகரை விட்டு எந்தத் திசையில் சென்றாலும் வெண்மையான பாத்திகள் கண்ணைக் கூசச் செய்கின்றன. கரையோர நிலம் தாழ்ந்தும் சமமாகவும் இருப்பது, மழை குறைவு, வறண்ட காற்று, நீண்ட கோடை ஆகிய நான்கும் இங்கே ஒன்றுகூடியுள்ளன. கடல்நீர் ஆயிரம் பங்கில் சுமார் 35 பங்குதான் உப்பு. அதைவிடச் செறிந்த உவர்நீர் நிலத்தடியில் கிடைப்பதால் அதையும் இறைத்துப் பயன்படுத்துகின்றார்கள். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் சென்று வெய்யிலில் காயக் காயச் செறிவு கூடுகிறது. முதலில் ஜிப்சம் படியும். அந்த நீரை வேறு பாத்திக்கு மாற்றினால் உப்புப் பூக்கும். அதற்கு மேலும் வற்றவிட்டால் கசப்புச் சத்து சேர்ந்து உப்பைக் கெடுத்துவிடும். ஆகவே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். எந்த நேரத்தில் வடிப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நமது வேதியியல் பாடத்தில் 'படிகமாதல்' என்று இரண்டு வரியில் முடிந்துபோவது இங்கே ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு.

பாத்தியிலிருந்து வாரிய உப்பை அம்பாரத்துக்குச் சுமப்பவர்களில் பெண்களே அதிகம். வெய்யிலுக்கு முன் வேலையை முடிக்க, விடியும் முன்னரே வந்துவிடுகின்றார்கள். பாத்திக்குள் இறங்க ஆசைப்பட்ட எங்களைப் பார்த்து ஓர் அம்மையார், "செருப்பைக் கழற்றாதீங்க பிள்ளைகளா, கால் பொத்துப்போகும்" என்று தடுத்தார். அவர் காலில் செருப்பு இல்லை. பாதங்கள் வெடித்திருந்தன. வெண்மையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிடுகிறது என்றும், குடிக்க நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்றும் அவர் கூறினார். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் வேலை நின்றுவிடும். அம்மாதங்களுக்காக அரசு 2022ஆம் ஆண்டு முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. 2023 டிசம்பரில் பெய்த பேய்மழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வெள்ளத்தில் உப்பு அம்பாரங்கள் கரைந்தோடின. "கரைஞ்சது உப்பு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மையார் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியச் சோற்றில் அன்று எங்களில் யாரும் உப்புக் குறைவென்று சொல்லவில்லை.

புதிய துறைமுகம் இவை எல்லாவற்றிற்கும் மாறானது. இயற்கை தராத ஆழத்தை மனிதர் தோண்டினர். கடலுக்குள் தலா சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு மலைக்கல்லைக் கொட்டி இரு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினர். 1974 சூலை 11இல் இது நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஐந்து மைல் தொலைவில் நின்ற கப்பல்கள் கரையோடு வந்து நின்றன. பளுதூக்கிகள் பெட்டகங்களை விளையாட்டுப் பொருளைப் போலத் தூக்கி வைப்பதை வாய் பிளந்து பார்த்தோம். அங்கிருந்து பழைய துறைமுகத்தைத் திரும்பிப் பார்த்தால் தோணிகளின் பாய்மரங்கள் ஈர்க்குச்சிகளாகத் தெரிகின்றன.

எங்களுக்குப் பெரிதாகப் பட்டது அந்தச் சிறு தீவுகளின் நிலைமையே. அவை பவளப் பாறைகளின் துணையால் உண்டானவை. பவளம் என்பது கல்லன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. அதை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். கடற்கரையில் வீடும் கோயிலும் எழுப்பப் பவளக்கல் பயன்பட்டது. பின்னர் தொழிற்சாலைகளுக்காகவும் பல்லாண்டுகள் தோண்டினார்கள். பாறை போனபின் அலை நேரே தீவின் மணலில் வந்து மோதியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986இல் இப்பகுதி தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னும் பவளம் தோண்டுவது உடனே நின்றுவிடவில்லை. 2001இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பிரிவில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து, பாறையும் தீவும் எதற்கு என்பதை எல்லோருக்கும் உணர்த்திய பிறகே அது நின்றது.

வான் தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் மூன்று ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. தூத்துக்குடிக் கடல் ஏரிபோல் கிடப்பதற்கு இத்தீவுகளும் ஒரு காரணம் என்று முன்பே சொன்னோம். இது போய்விட்டால் அடுத்து அலை எங்கே வரும் என்பதை எவரும் கணக்கிடலாம். 2015இன் இறுதியிலிருந்து அரசும் கடல் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, துளைகளுள்ள சிமெண்டு அமைப்புகளைத் தீவின் முன்னே வரிசையாகக் கடலடியில் இறக்கி வருகின்றனர். இதுவரை இறக்கியவை பத்தாயிரத்துக்கும் மேல். அலை அவற்றில் மோதித் தளர்கிறது. அடித்துப் போன மணல் மெல்ல மெல்லத் திரும்பி வந்து படிகிறது. அவற்றின் மேல் பவள உயிர்கள் தாமாகவே ஒட்டி வளரத் தொடங்கியுள்ளன. துளைகளில் மீன்கள் குடியேறியுள்ளன. தீவு இப்போது முன்பைவிடச் சிறிது பெரிதாகியிருக்கிறது.